சிறியவர் சொல்லும் பெரியவர் செவியும்

(அறக்கட்டளையின் தொண்டூழியர் ஒன்றுகூடலில் "பணியிடத்தில் குழுவுணர்வு" என்னும் தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்தபோது முதலில் தயங்கினேன். நான் நிர்வாகவியல் படித்தவன் அல்லன். பல ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனாலும் பள்ளிக்கூடமும் ஒரு பணியிடம்தான். கோயிலும் ஒரு பணியிடம்தான். இங்கே அமர்ந்திருக்கும் பலர் வாரம் முழுவதும் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் வந்து பந்தி பரிமாறுகிறவர்கள். ஆகவே இரண்டு இடத்துக்கும் பொருந்துகிற ஒரே ஒரு கருத்தை மட்டும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தேனீ சொன்ன பாடம்

என் வயதை ஒத்தவர்களுக்கு ஒரு தேனீ நினைவிருக்கும். சிங்கப்பூரில் உற்பத்தித்திறன் இயக்கம் 1981-ஆம் ஆண்டு தொடங்கியது. மறு ஆண்டு, அதாவது 1982-இல், 'டீமி' என்னும் தேனீயை அந்த இயக்கத்தின் சின்னமாக அறிமுகப்படுத்தினார்கள். சுவரொட்டிகளிலும் தொலைக்காட்சியிலும் அந்தத் தேனீ சிரித்துக்கொண்டே வரும். ஒன்றுகூடி உழைத்தால் உயரலாம் என்பதுதான் அது சொன்ன பாடம். நல்ல பாடம். நாங்கள் வகுப்பறையில் மாணவர்களுக்கும் அதைத்தான் சொன்னோம்.

ஆனால் அந்த இயக்கத்தில் இன்னொரு பாதியும் இருந்தது. ஜப்பானிய நிறுவனங்களின் நடைமுறைகளைப் பார்த்துத்தான் அன்று பல முறைகள் இங்கே கொண்டுவரப்பட்டன. அவற்றுள் முக்கியமானது தரக்கட்டுப்பாட்டு வட்டம். கீழ்நிலை ஊழியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் வேலையில் எங்கே கோளாறு இருக்கிறது என்று தாங்களே பேசி, தாங்களே வழி கண்டுபிடிப்பது அதன் நோக்கம். தேனீயின் உழைப்பை நாம் பிடித்துக்கொண்டோம். வாய் திறந்து பேசுகிற பகுதியைப் பல இடங்களில் விட்டுவிட்டோம். தேன்கூட்டில் தேனீக்கள் ஓயாமல் உழைக்கின்றன. ஆனால் "இது சரியில்லையே" என்று வாய்விட்டுச் சொல்வதும் உழைப்பைப் போலவே முக்கியம். மனிதக் குழுவுக்கு அது தெரிந்தாக வேண்டும். நான் சொல்ல வந்த கருத்து இதுதான்: ஒரு பணியிடத்தின் பண்பாடு எப்படிப்பட்டது என்பதை அங்கே மாட்டியிருக்கும் வாசகங்களைக் கொண்டு அறிய முடியாது. அங்கே வயதிலோ பதவியிலோ மிகச் சிறியவர் "இதில் தவறு இருக்கிறது" என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கிறது என்பதைக் கொண்டுதான் அறிய முடியும்.

அதே ஆட்கள், வேறு பண்பாடு

இதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரீமாண்ட் என்றோர் ஊர். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் தீராத பகை. வேலைக்கு வராமல் நின்றுவிடுவது அன்றாட நிகழ்ச்சி. வேலை நேரத்தில் குடிப்பதுகூட நடந்ததாம். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: எது நடந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. ஒரு பாகம் தப்பாகப் பொருத்தப்பட்டிருப்பதைத் தொழிலாளி கண்ணால் பார்த்தாலும் கார் அப்படியே நகர்ந்து போய்விடும். பிறகு எங்கோ ஓரிடத்தில் பிரித்துச் சரிசெய்ய வேண்டும். 1982-ஆம் ஆண்டு அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

1984-ஆம் ஆண்டு ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அதே இடத்தில் மீண்டும் திறந்தார்கள். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். தொழிற்சங்கமும் அதேதான். குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே அவர்கள் கண்ட ஒரு கயிறு அவர்களை வியக்க வைத்தது. உற்பத்தி வரிசையின் நெடுகிலும், தொழிலாளியின் கைக்கு எட்டும் உயரத்தில் அந்தக் கயிறு ஓடும். எந்தத் தொழிலாளியும், தவறு கண்டால் அதை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும், இசை ஒலிக்கும். குழுத் தலைவர் ஓடி வருவார். "யார் செய்த தப்பு?" என்று கேட்க மாட்டார். "என்ன சிக்கல்? எப்படிச் சரிசெய்யலாம்?" என்றுதான் கேட்பார். குறித்த இடத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நின்றுவிடும்.

இந்தக் கயிறு ஃப்ரீமாண்டிலும் கட்டப்பட்டது. வேலைக்கு வராமல் இருப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. கார்களின் தரம் ஜப்பானில் செய்யப்படும் கார்களுக்கு ஏறக்குறைய நிகராக உயர்ந்தது. 2010-ஆம் ஆண்டு வரை அந்தக் கூட்டுத் தொழிற்சாலை நடந்தது. ஆட்கள் கெட்டவர்கள் என்று முன்பு சொன்னார்கள். ஆட்கள் மாறவில்லை, அவர்கள் சொல்லுக்குக் கிடைத்த மதிப்புதான் மாறியது.

மூடுபனியில் ஒரு கேள்வி

பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் துயரமான சான்றும் உண்டு. 1977-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள், ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃபே தீவின் விமான நிலையத்தில், கடும் மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் மாண்டார்கள். மேலெழ முயன்றது ஒரு டச்சு விமானம். அதை ஓட்டியவர் சாதாரண விமானி அல்லர். அந்த நிறுவனத்தின் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்த மூத்தவர். அனுமதி முறையாகக் கிடைக்கும் முன்பே அவர் விமானத்தைக் கிளப்பினார். பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்கு ஐயம். எதிரே இருக்கும் அமெரிக்க விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். தலைமை விமானி அழுத்தமாக, விலகிவிட்டது என்று பதில் சொன்னார். கேட்டவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பொறியாளரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஒரு முறை கேட்டுவிட்டார். அத்தனை பெரிய மூத்தவரை இரண்டாம் முறை கேட்பது அன்றைய வழக்கத்தில் இல்லை. இந்த விபத்துக்கும் இதைப் போன்ற வேறு சில விபத்துகளுக்கும் பிறகுதான் விமானத் துறை விழித்துக்கொண்டது. 1979-ஆம் ஆண்டு நாசா இதற்கென ஒரு கருத்தரங்கம் நடத்தியது. இளையவர் துணிந்து சொல்லவும் மூத்தவர் பொறுமையாகக் கேட்கவும் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

அதன் பலன் 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் தெரிந்தது. அமெரிக்காவில் 296 பேருடன் பறந்த ஒரு டிசி-10 விமானத்தின் வால்பகுதி இயந்திரம் உடைந்து, விமானத்தைத் திருப்பும் நீரியல் அமைப்புகள் மூன்றும் செயலற்றுப்போயின. ஓட்டவே முடியாத நிலை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று இருந்துவிடவில்லை. பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு விமானியையும் உள்ளே அழைத்தார். நான்கு பேரும் பேசிப் பேசி, இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அந்த விமானத்தைச் சூ சிட்டி விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். தரையிறங்கும்போது விமானம் சிதறியது. 112 பேர் மாண்டார்கள். ஆனால் 184 பேர் பிழைத்தார்கள். தமக்கு அளிக்கப்பட்ட கூட்டுப் பயிற்சியே இதற்குக் காரணம் என்று அந்தத் தலைமை விமானி பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லி வந்தார்.

நான் செய்த தவறு

அன்பர்களே, பிறர் கதையைச் சொல்வது எளிது. என் கதையையும் சொன்னால்தான் இந்த மேடையில் நிற்க எனக்குத் தகுதி உண்டு.

நான் ஒரு பள்ளியில் கணக்குத் துறைத்தலைவராக இருந்த காலம். சாதாரண நிலைத் தேர்வுக்கு முன்னால் பள்ளியில் நடத்தும் ஒத்திகைத் தேர்வுக்கு வினாத்தாள் அச்சாகிவிட்டது. பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஓர் இளம் ஆசிரியை என்னிடம் வந்தார். "சார், இந்த முக்கோணக் கணக்கில் கொடுத்திருக்கிற கோணங்கள் ஒத்துவரவில்லை. மூன்று தரம் போட்டுப் பார்த்துவிட்டேன்" என்றார். ஆசிரியர் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் தாளை வாங்கிப் பார்க்கவே இல்லை. "இருபது வருஷமாக வினாத்தாள் போடுகிறவர் போட்ட கணக்கு, அம்மா. நீங்கள் நான்காம் தரம் போட்டுப் பாருங்கள், வந்துவிடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரிக்க முயன்றார்.

தேர்வு நாளன்று அந்தக் கணக்கு யாருக்கும் வரவில்லை. வராத கணக்கோடு மாணவர்கள் மல்லுக்கட்டினார்கள். கெட்டிக்கார மாணவி ஒருத்தி, அதிலேயே நேரம் போய், கடைசி இரண்டு கணக்குகளைத் தொடாமலே விட்டுவிட்டு அழுதுகொண்டு வெளியே வந்தாள். பிழையான வினாவுக்கு எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தோம். ஆனால் அந்தப் பெண் இழந்த நேரத்தை நான் எங்கிருந்து கொடுப்பது?

அதைவிடப் பெரிய இழப்பு பிறகுதான் வந்தது. அதற்குப் பின் நடந்த துறைக் கூட்டங்களில், "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்பேன். அந்த ஆசிரியை, "ஒன்றுமில்லை, சார்" என்பார். அன்று சிரித்த மற்றவர்களும் "ஒன்றுமில்லை" என்பார்கள். அதை நான் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டேன். "எங்கள் துறையில் சச்சரவே இல்லை" என்று முதல்வரிடம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போனார். வழியனுப்பு விழாவில் வாழ்த்து மட்டும் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

பலர் முன்னிலையில் புண்படுத்தினேன்; ஆகவே பலர் முன்னிலையில்தான் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இன்று அதைச் செய்கிறேன். இந்த உரை ஆண்டு மலரில் அச்சாகி என்றாவது அவர் கண்ணில் படுமானால், "அம்மா, உங்கள் கணக்குத்தான் சரி. தாளை வாங்கிப் பார்க்காதது என் தவறு" என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அன்னதானக் கூடத்தில் ஒரு கயிறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவில் நான் பந்திப் பொறுப்பில் இருந்தேன். வெயில் கொளுத்துகிற நண்பகல். முதல் பந்தி உட்கார்ந்தாகிவிட்டது; இலை போட்டாகிவிட்டது. முதன்முறையாகத் தொண்டுக்கு வந்திருந்த ஒரு மாணவர் கையில் வாளியோடு என்னிடம் வந்து, மெல்லிய குரலில், "அங்கிள், இந்தக் கூட்டு ஊசிப்போன மாதிரி வாடை வருது" என்றார்.

சமைத்தவரோ முப்பது ஆண்டுகளாக அந்தக் கோயிலில் அண்டா வைக்கிறவர். "நீ வந்து அரை நாள் ஆகலே, தம்பி" என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் அந்த ஆசிரியையின் முகம் என் கண்முன் நின்றது. வாயை மூடிக்கொண்டேன். சமையற்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஒரு வாய் பாருங்க" என்றேன். அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கரண்டியில் எடுத்து முகர்ந்தார், நாக்கில் வைத்தார். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு. அதிகாலையில் இறக்கி, அண்டாவை இறுக மூடி வைத்திருந்தார்கள். "நிறுத்துங்க, ஒரு இலையிலும் போடாதீங்க" என்று அவரே குரல் கொடுத்தார்.

அண்டாவோடு கொட்டினோம். வேறு ஒரு பொரியல் தயாராக அரை மணிக்கு மேல் ஆனது. உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "திட்டமிடத் தெரியாதவர்கள்" என்று ஒரு பெரியவர் என் காதுபடவே சொன்னார். அன்று யாருக்கும் வயிற்று வலி வரவில்லை. யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. நடக்காமல் போன ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? பந்தி முடிந்தபின் அந்தச் சமையற்காரர் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பையனைக் கூப்பிட்டார். பையன் பயந்துகொண்டே வந்தான். அவன் தோளில் கை வைத்து, "தம்பி, நாளைக்கும் வா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? ஒரு பெண், பாத்திரம் கழுவும் இடத்தில் தரை வழுக்குகிறது என்று வந்து சொன்னாள். இன்னொரு பையன், எரிவாயுக் குழாயில் வெடிப்பு இருக்கிறது என்று காட்டினான். அந்த வெடிப்பு அன்றுதான் வந்ததா? இல்லை. சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கைதான் அன்று வந்தது. ஃப்ரீமாண்டில் கட்டிய கயிறு அந்தச் சமையற்கூடத்திலும் கட்டப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

நாம் செய்யக் கூடியவை

பதவியில் இருப்பவர்களுக்கு மூன்று வேண்டுகோள். கூட்டத்தில் உங்கள் கருத்தை முதலில் சொல்லாதீர்கள். இளையவர்களைப் பேசவிட்டுக் கடைசியில் பேசுங்கள். ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டினால், அவர் யார் என்று பார்க்கும் முன் அந்தப் பொருளைப் பாருங்கள். அவர் சொன்னது சரியில்லை என்றாலும் நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை அவர் சொல்வது சரியாக இருக்கலாம்.

இளையவர்களுக்கும் மூன்று. கண்டதைக் கண்டவுடன் சொல்லுங்கள். வேலை முடிந்தபின் சொல்வது குறை கூறுதலாகிவிடும். உரியவரிடம் சொல்லுங்கள், அலுவலகக் காப்பிக் கடையிலோ செருப்பு விடும் இடத்திலோ சொல்வதால் பயன் இல்லை. பணிவாகச் சொல்லுங்கள்; ஆனால் பணிவின் பெயரால் பாதியை விழுங்கிவிடாதீர்கள். முதல் முறை கேட்காவிட்டால் இரண்டாம் முறையும் சொல்லுங்கள்.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்கு இருக்கிறது. உண்டியல் எண்ணும்போது உட்கார்ந்திருப்பவர்களில் மிக இளையவர், "ஐயா, கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை, மீண்டும் எண்ணலாமா?" என்று அச்சமின்றிக் கேட்கக் கூடிய இடத்தில்தான் உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது. ஓர் அறநிறுவனத்தை அளந்து பார்க்க விரும்பினால் அதன் கட்டடத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் இதையும் கேட்டுப் பாருங்கள்.

தகப்பன்சாமி

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்குப் பெரியவர்களுக்கு அடங்குவதுதான் மரபு என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. இடித்துச் சொல்லும் துணையின் அருமையை வள்ளுவப் பெருந்தகை 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் 45-ஆம் அதிகாரத்திலேயே வைத்திருக்கிறார். இராவணனுக்குப் படையிலோ வீரத்திலோ குறையில்லை. நல்லது சொன்ன தம்பி வீடணனை அவையை விட்டுத் துரத்தியதுதான் அவன் வீழ்ச்சியின் தொடக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் அன்றாடம் கும்பிடும் முருகனே இருக்கிறான். ஆறுபடை வீடுகளில் ஒன்றான சுவாமிமலையில் அவன் பெயர் சுவாமிநாதன். தகப்பன்சாமி என்றும் சொல்வோம். பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, தந்தையாகிய சிவபெருமான் சீடனாக இருந்து கேட்டார் என்பது தலபுராணம். சிறுபிள்ளை சொன்னான் என்று நாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். எனக்கு வயது ஏற ஏற, அந்தக் கதையின் மற்றொரு பக்கம்தான் பெரிதாகத் தெரிகிறது. எல்லாம் அறிந்தவர் தலைதாழ்த்திச் செவி கொடுத்தார். அதனால் அவர் பெருமை ஒரு துளியும் குறையவில்லை.

அடுத்த முறை அலுவலகத்திலோ நம் கோயிலிலோ ஓர் இளையவர் தயங்கித் தயங்கி உங்கள் முன் வந்து நின்றால், சுவாமிமலையை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் வேலையைக் கீழே வையுங்கள். "சொல்லு, தம்பி", "சொல்லு, அம்மா" என்று கேளுங்கள். நான் ஒரு முறை கேட்கத் தவறியவன்; அதனால்தான் உங்களிடம் இதைக் கேட்டுக்கொள்கிறேன்.